எட்டில் நான்கு

கணவாய்க்கு ஒன்பது கிலோமீட்டர் இருக்கையில்
உவாஸ் இருமத் தொடங்கியது.
மூன்றாம் வளைவில் இருமலையும் நிறுத்திக்கொண்டது.

பின்னால் நானூறு டோஸ் கோமாரித் தடுப்பூசி.
இரண்டு டிகிரிக்குக் கீழே போனால் வீண்,
எட்டைத் தாண்டினாலும் வீண்.
பனிக்கட்டிப் பெட்டியின் மூடிமேல் கைவைத்தபடி
பெக்தூர் என்னைப் பார்த்தான்.
நான், இருக்கைகளுக்கு நடுவே இருக்கும்
என்ஜின் மூடியைத் தூக்கினேன்.

நான்கு பிளக்குகள்.
நான்கும் விறகடுப்புச் சட்டியின் அடிப்பாகம்.
பிஷ்கெக் சந்தையில் பிடிவாதமாய் நான் வாங்கியவை.
"இரிடியம். லட்சம் கிலோமீட்டர் உழைக்கும்" என்றான் கடைக்காரன்.
வண்டிக்கு என்ன வயதென்று அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
மூப்பு தெரியாமல் இருக்கத்தானே
அத்தனை விலை கொடுத்தேன்.

பிளக்கில் குளிர்ந்தது உண்டு, சூடானது உண்டு.
குளிர்ந்தது, வாங்கிய வெப்பத்தை
அப்போதே இரும்பிடம் கொடுத்துவிடும்,
கையில் காசு தங்காத ஆள் மாதிரி.
சூடானதற்குப் பீங்கான் மூக்கு நீளம்.
வெப்பம் இறங்கிவர நேரமாகும்.
அந்த நேரத்தில்தான்
தன்மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும்.

நெடுஞ்சாலையில் பறக்கும் புது வண்டிக்கு முதலாவது.
மூவாயிரம் மீட்டர் உயரத்தில்
காற்று மெலிந்து பெட்ரோல் மிகுந்து
இரண்டாம் கியரிலேயே ஆயுளைக் கழிக்கும் இதற்கு
இரண்டாவது. ஏ-11.
விலை? ஒரு தட்டு லக்மான்கூட வராது.
அந்தச் சூடும் அளவோடுதான்,
மிஞ்சினால் பிஸ்டன் ஓட்டை.
இதற்கும் ஒரு கீழெல்லை, ஒரு மேலெல்லை,
பெட்டிக்குள் இருக்கும் மருந்துக்குப் போல.
எல்லாம் தெரியும் எனக்கு.
தெரிந்துதான் இரிடியம் வாங்கினேன்.

"ஐந்து டிகிரி" என்றான் பெக்தூர்.

வளைவுக்கு அப்பால் புகை, ஒரு யர்ட்.
பக்கத்தில் சக்கரமில்லாத காஸ் லாரி,
தொட்டி நிறையக் கோழிகள்.
அப்போதுதான் பொறி தட்டியது:
அதற்கும் ஏ-11தான்.

சைராகுல் குதிரைப்பால் வாளியை இறக்கிவைத்தாள்.
"எட்டு சிலிண்டர். வேண்டியதை எடுத்துக்கொள்.
எனக்கு அதிலிருந்து முட்டை வந்தால் போதும்."

எட்டையும் கழற்றிக் கம்பளிமேல் பரப்பினோம்.
ஒன்றின் பீங்கானில் மயிரிழை விரிசல்,
நகம்தான் கண்டுபிடித்தது.
ஒன்று வெளிறி, நுனி கொப்பளித்து.
இரண்டில் எண்ணெய்ப் பிசுக்கு, பழைய மோதிரங்களின் புகார்.
மீதி நான்கும்
கோப்பையடியில் காய்ந்த பால்தேநீரின் நிறம்.
கடைசியாய் நின்ற நாளிலும்
அந்த நான்கு அறைகள் நலமாய்த்தான் இருந்திருக்கின்றன.
"பிறகு ஏன் நின்றது?"
"ஆக்ஸில்" என்றாள். "அப்புறம் கடன்."

இடைவெளி பார்க்க அளவுத்தகடு இல்லை.
என் அறுவைக் கத்தியின் அலகு ஒன்று
அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.
இரண்டைச் சேர்த்து மெல்லச் செருகினேன்,
உராய்ந்தும் உராயாமலும் வெளியே வந்தது.
பழைய காயிலால் அவ்வளவுதான் தாண்ட முடியும்.
அதற்குமேல் கேட்பது அதட்டல்.

சாவி. ஒரு உதறல். இன்னொன்று.
மூன்றாவது சிலிண்டர் மட்டும் கொஞ்சம் யோசித்தது,
பிறகு அதுவும் சேர்ந்துகொண்டது.

பணம் நீட்டினேன். கையைத் தள்ளிவிட்டாள்.
"லாரியில் ஓட்டை திறந்து கிடந்தால் மழை இறங்கும்.
உன்னுடையதை அதில் போட்டுவிட்டுப் போ."

விரிசல் விட்டதையும் வெளிறியதையும்
பிசுக்குப் பிடித்த இரண்டையும் திருப்பி மாட்டினேன்.
என்னுடைய நான்கையும் கரி போகத் துடைத்து,
நூல் பிசகாமல் கையாலேயே திருகி,
கடைசிக் கால்சுற்றுக்கு மட்டும் சாவி போட்டு இறுக்கினேன்.
இன்னும் தொண்ணூற்றொன்பதாயிரம் கிலோமீட்டர்
பாக்கி இருக்கிறது அவற்றுக்கு.
ஒரு கோழி பானட்டில் ஏறி
ஒவ்வொன்றையும் தலைசாய்த்துப் பார்த்தது.

"ஏழு" என்றான் பெக்தூர்.
இரண்டாம் கியர் போட்டேன்.